வாசகர் கேள்வி – பதில்: டர்ட் பைக்கில் பெரிய பிளாஸ்டிக் டேங்க்

கேள்வி (தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, வணக்கம். 2012-இல் வாங்கிய என் ஹீரோ இம்பல்ஸ் வண்டியை மண் பாதைகளில் ஓட்டுவதற்கு ஏற்றவாறு மாற்றி வைத்திருக்கிறேன். அடுத்த கோடையில் மணாலியிலிருந்து லே வரை செல்லும் எண்ணம் இருப்பதால், வெளிநாட்டு 250 சிசி டர்ட் பைக் ஒன்றுக்காகச் செய்யப்பட்ட 17 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கைப் பெங்களூரில் பழையதாக வாங்கினேன். வண்டியின் மேல் வைத்துப் பார்த்தால் டேங்கின் அடிப்பள்ளம் ஃபிரேம் குழாயின் மேல் முழுதும் இறங்கவில்லை. பின்பக்க போல்ட் ஓட்டை சுமார் 4 செ.மீ. தள்ளி நிற்கிறது. ஹேண்டிலை முழுமையாகத் திருப்பினால் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) டேங்கில் இடிக்கிறது. உட்புறத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து தருவதாக எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் சொல்கிறார். இடிக்கும் இடத்தை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி அமுக்கிவிடலாம் என்கிறார் நண்பர். இவற்றில் எதைச் செய்வது?

பதில்: வணக்கம். வெட்ட வேண்டாம். டேங்கின் சுவரில் கை வைக்காமல், அதைத் தாங்கும் பிராக்கெட்டுகளையும் ரப்பர்களையும் சீட்டையும் மாற்றி அமைப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. பிராக்கெட் தவறாக அமைந்துவிட்டால் அதைக் கழற்றி வீசிவிட்டு வேறொன்று செய்துகொள்ளலாம். வெட்டி ஒட்டிய டேங்க் தவறிப்போனால் அந்தப் பெட்ரோல் சூடான எஞ்சின் ஹெட்டின் மேலும், அதற்குச் சற்று மேலே அமர்ந்திருக்கும் உங்கள் மீதும்தான் கொட்டும். நண்பர் சொல்லும் சூடாக்கும் முறைக்கு ஓர் எல்லைக்குள் இடமுண்டு. ஆனால் அதற்கும் ஹாட் ஏர் கன்னைத் தொடக்கூடாது. அதைப் பின்னர் விளக்குகிறேன்.

முதலில் உங்கள் தேவையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மணாலி – லே பாதையில் டாண்டி என்னும் இடத்தில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று அறிவிக்கும் பலகை அவ்வழியே செல்வோரிடையே பெயர் பெற்றது. இம்பல்ஸின் சொந்த டேங்க் ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளும். கணவாய் ஏற்றங்களிலும் காற்று மெலிந்த உயரத்திலும் லிட்டருக்கு 30 கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 330 கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். 17 லிட்டர் இருந்தால் 500 கிலோமீட்டரைத் தாண்டலாம். ஆகவே உங்கள் விருப்பம் வீண் ஆடம்பரம் அல்ல. நம் பக்கத்திலேயே அஞ்செட்டி, ஒகேனக்கல் என்று சுற்றிவருவதற்கு மட்டும் என்றால் பழைய டேங்கே போதும் என்று எழுதி முடித்திருப்பேன்.

அடுத்து, உங்கள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் எது என்று தெரிந்தாக வேண்டும். இத்தகைய டேங்குகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை. நம் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போலவே, பிளாஸ்டிக் தூளை உலோக அச்சுக்குள் இட்டு, அச்சைச் சூடாக்கிச் சுழற்றி வார்க்கப்பட்டவை அவற்றில் பல. அவற்றுள்ளும் இரண்டு பிரிவுகள் உண்டு. சாதாரணப் பாலிஎத்திலீன் சூட்டில் உருகும், ஆறினால் இறுகும், மீண்டும் உருக்கலாம். அதனால் அதே பிளாஸ்டிக்கால் ஆன கம்பியைக் கொண்டு அதை வெல்டிங் செய்ய இயலும். குறுக்குப் பிணைப்புள்ள பாலிஎத்திலீனோ வார்க்கும்போதே அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுண்டுவிடுவதால், எவ்வளவு சூடாக்கினாலும் உருகி ஓடாது. ரப்பரைப் போல நெகிழும், பிறகு கருகும். அதில் போட்ட வெல்டிங் மேலே படிந்திருக்குமே தவிர உள்ளே கலந்திருக்காது. கல்லில் மோதினாலும் உடையாமல் தாங்குவதற்காகவே டர்ட் பைக் டேங்குகள் பலவற்றை இந்தப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். எனவே எந்த உறுதிக்காக இந்த டேங்கை வாங்கினீர்களோ அதே உறுதிதான் வெட்டி ஒட்டுவதற்குத் தடையாகவும் நிற்கிறது.

கண்டறிவது எளிது. அடிப்பக்கத்தில் முத்திரை இருந்தால், 2 என்ற எண்ணைச் சுற்றிய முக்கோணமோ பி.ஈ. – எச்.டி. என்ற எழுத்துகளோ சாதாரண வகையைக் குறிக்கும், பி.ஈ. – எக்ஸ். என்றிருந்தால் குறுக்குப் பிணைப்புள்ள வகை. முத்திரை இல்லையெனில், அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பிசிறிலிருந்து நகக்கீற்றளவு சீவி எடுங்கள். டேங்கை வேறோர் இடத்தில் வைத்துவிட்டு, அந்தச் சீவலைப் பழுக்கக் காய்ச்சிய ஆணியின் மேல் வைத்துப் பாருங்கள். மெழுகுவர்த்தி மணத்துடன் கண்ணாடிபோலத் தெளிந்து உருகி வழிந்தால் அது சாதாரண வகை. தெளிந்தும் வழியாமல் பிசினாக நின்று கருகினால் பிணைப்புள்ள வகை. முடி கருகும் நாற்றம் வந்தால் அது நைலான். நைலான் சீவல் தண்ணீரில் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும்.

சாதாரண வகையே என்று தெரிந்தாலும் என் பதில் மாறாது. பெட்ரோல் ஊறிய பாலிஎத்திலீன் சுவரில் வெல்டிங் சரியாகப் பிடிப்பதில்லை. பிடித்தாலும், அடிப்பள்ளத்தின் விளிம்பு என்பது டேங்கின் எடை முழுவதும் ஃபிரேமின் மேல் அழுந்தும் இடம்; ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிரும் அந்த இடத்தில் போட்ட தையல் நெடுநாள் நிற்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தாலே வெடிக்கும் தன்மை கொண்டது. சுழியத்துக்கு 40 பாகை செல்சியஸுக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி எழுப்பும் திரவம் அது. காலி டேங்க் என்று நாம் சொல்வது உண்மையில் ஆவி நிறைந்த டேங்க். முழு டேங்கைவிட அதுவே ஆபத்தானது. பிளாஸ்டிக் டேங்கிலோ, சோப்பு நீரால் எத்தனை முறை கழுவினாலும், சுவருக்குள் ஊறிய பெட்ரோல் சூடுபட்டவுடன் மீண்டும் ஆவியாகி வெளிவரும். நீங்கள் வாங்கியது பழைய டேங்க் என்பதால் அதன் அருகே வெல்டிங்கும் வேண்டாம், ஹாட் ஏர் கன்னும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். பட்டறைக்காரரின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. அவருடைய உயிரையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

இனி பொருத்தும் வேலை. சீட்டையும் பழைய டேங்கையும் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டேங்க் அமரும் ஃபிரேமின் முதுகுக் குழாயின் மேல் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். அடிப்பள்ளம் இறங்காமல் நிற்பதற்குக் குழாயின் பருமனைக் காட்டிலும் இக்னிஷன் காயில், வயரிங் கட்டு, கிளட்ச் கேபிள், பழைய டேங்குக்கான ரப்பர் தாங்கிகள் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். குழாயின் மேல் சாக்பீஸைத் தடவி, டேங்கை மெல்ல வைத்து எடுத்தால் எங்கே தட்டுகிறது என்பது பள்ளத்தில் வெள்ளையாகப் பதிந்துவிடும். காயிலையும் வயரையும் இடம் மாற்றுங்கள். கேபிள்கள் டேங்குக்கும் குழாய்க்கும் இடையில் நசுங்கவே கூடாது. எஞ்சின் ஹெட்டுக்கும் டேங்கின் அடிப்பரப்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளியாவது இருக்கட்டும். பாலிஎத்திலீன் 130 பாகை அளவில் உருகிவிடும். அதற்கு முன்பே தளர்ந்து தொங்கத் தொடங்கும். நெரிசலில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது காற்றால் குளிரும் எஞ்சினின் ஹெட் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது.

டேங்கின் எடை குழாயின் மேல் பரவலாக அமர வேண்டும்; போல்ட்டும் வாரும் அது அசையாமல் பிடிப்பதற்கு மட்டுமே. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 740 கிராம் என்பதால் 17 லிட்டர் என்பது பன்னிரண்டரைக் கிலோ. குழியில் இறங்கி எழும்போது இது பல மடங்கு எடையாகத் தாக்கும். அதனை ஒற்றை 6 மி.மீ. போல்ட்டின் தலையிலும், பிளாஸ்டிக்கில் பதிந்த, போல்ட் ஏறும் பித்தளைக் குமிழிலும் தொங்கவிட்டால் குமிழ் பெயர்ந்துவிடும். முன்பக்கத்தில், ஹேண்டில் தண்டுக்குப் பின்னால் முதுகுக் குழாயை இரு பாதிகளாகக் கவ்வும் கிளாம்ப் ஒன்றைச் செய்து, அதன் இருபுறமும் ரப்பர் உருளைகளைப் பொருத்தி, டேங்கின் முன் குழிகள் அவற்றின் மேல் சறுக்கி உட்காரும்படி அமையுங்கள். ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள லேத் பட்டறைகளில் அளவு வரைந்து கொடுத்தால் இதைத் துல்லியமாகச் செய்துவிடுவார்கள். ஃபிரேமில் வெல்டிங் செய்வதைத் தவிருங்கள். ஹேண்டில் தண்டின் அருகே ஃபிரேம் தாங்கும் விசை மிக அதிகம், அங்கே பட்ட சூடு குழாயின் வலிமையைக் குறைக்கும்.

ரப்பருக்குப் பலரும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுகிறார்கள். பெட்ரோல் பட்டதும் அது ஊதிக் கொழகொழத்துவிடும். 5 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட்டே இதற்கு உரியது. பின்பக்க ஓட்டை 4 செ.மீ. தள்ளி நிற்பதற்கு 3 மி.மீ. இரும்புப் பட்டையில் ஒரு நீட்டிப்பு பிராக்கெட் போதும். ஆனால் அதை இறுதி செய்யும் முன் டேங்கில் பெட்ரோல் நிரப்பி, நிழலான, காற்றோட்டமுள்ள, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் சில நாட்கள் வைத்திருங்கள். பாலிஎத்திலீன் பெட்ரோலை ஈர்த்துப் பருக்கும். வாங்கியபின் வெறுமையாகக் காய்ந்து கிடந்த பழைய டேங்க் சுருங்கியிருக்கும். நூற்றுக்கு ஒன்று பருத்தாலும் அரை மீட்டர் நீள டேங்கில் 5 மி.மீ. மாறிவிடும், காய்ந்த நிலையில் அளந்து துளையிட்டவர்கள் பிறகு போல்ட் நுழையாமல் இழுத்துப் பூட்டுவதும் குமிழைப் பிடுங்குவதும் இதனால்தான். பிராக்கெட்டின் துளையை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக ஒரு செ.மீ. அளவுக்கு வெட்டி, பெரிய வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போட்டு, டேங்க் பருக்கவும் சுருங்கவும் இடம் விடுங்கள்.

ஃபோர்க் இடிப்பதற்கு வருவோம். முதலில் டேங்கை எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியும் என்று பாருங்கள். தடையாக இருப்பது சீட்டின் முன்முனை என்றால், சீட்டின் பஞ்சை வெட்டிக் குறைத்து உறையை மறுபடி தைத்துக்கொள்ளலாம். டேங்கை வெட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது. அப்படியும் சில மில்லிமீட்டர் மட்டுமே இடித்தால் ஹேண்டில் திரும்பும் அளவைத் தடுக்கும் ஃபோர்க் நிறுத்தியில் ஒரு சிறு போல்ட்டைச் சேர்த்துத் திரும்பும் கோணத்தைச் சற்றுக் குறைக்கலாம். மிகவும் குறைத்துவிட்டால் மலைப் பாதை வளைவுகளில் வண்டியைத் திருப்ப முடியாமல் தடுமாறுவீர்கள். ஆகவே இது கடைசித் துளி இடத்துக்கான தீர்வு மட்டுமே.

சூடாக்கும் முறை இங்கேதான் வருகிறது. டேங்கைப் பல வாரங்கள், மூடியையும் பெட்ரோல் காக்கையும் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) கழற்றிவிட்டு, வெயிலும் காற்றும் படும்படி வெளியே வைத்து, பெட்ரோல் மணம் முற்றும் போனபின், சோப்பு நீரால் பலமுறை அலசி, கொதிக்கும் நீரை உள்ளே விளிம்பு வரை ஊற்றுங்கள். தண்ணீர் நிறைந்திருப்பதால் ஆவிக்கு உள்ளே இடமில்லை. 100 பாகையைச் சூடு தாண்டாது என்பதால் பிளாஸ்டிக் உருகவும் செய்யாது. சில நிமிடங்களில் சுவர் இளகியதும், தேவையான இடத்தில் வழுவழுப்பான அகன்ற மரக்கட்டையை வைத்துக் கிளாம்பால் மெல்ல அழுத்தி, நீர் முற்றிலும் ஆறும் வரை அப்படியே விடுங்கள். பிளாஸ்டிக் தன் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும் என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே அமுக்க வேண்டும். அகன்ற பரப்பில் 5, 6 மி.மீ. உள்வாங்குவதற்கு இது உதவும். கூரான மூலையை இப்படி அமுக்கினால் அந்த இடத்தில் சுவர் மெலிந்துவிடும். அதைச் செய்யக் கூடாது. ஃபோர்க்குக்கு இரண்டு செ.மீ. இடம் தேவைப்பட்டால் அந்த டேங்க் உங்கள் வண்டிக்கானது அல்ல. அதை விற்றுவிட்டு வேறு வடிவம் தேடுவதே முறை.

இதையெல்லாம்விட முக்கியமானது, பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காதது, 17 லிட்டரில் எவ்வளவு கார்புரேட்டருக்கு வந்து சேரும் என்பது. இம்பல்ஸில் பெட்ரோல் தன் எடையால்தான் கீழிறங்குகிறது. பெரிய டேங்குகளுக்கு எஞ்சினின் இருபுறமும் இறக்கைகள்போல் தொங்கும் பைகள் உண்டு. கார்புரேட்டரின் பெட்ரோல் நுழைவாயைவிடத் தாழ்ந்து நிற்கும் பகுதியில் உள்ள பெட்ரோல் ஒரு சொட்டும் இறங்காது. அதேபோல் காக் இடப்பக்கம் மட்டும் இருந்தால் வலப்பக்கப் பையில் உள்ளது முதுகுக் குழாயைத் தாண்டி வராது. வண்டியை இடப்பக்கம் சாய்த்துத்தான் அதை மறுபுறம் கொட்ட வேண்டியிருக்கும். உங்கள் டேங்கில் இருபுறமும் காக் வைக்கும் வாய் இருந்தால் இரண்டிலும் காக் போட்டு, டி-இணைப்பால் ஒன்றாக்கி கார்புரேட்டருக்குக் கொண்டு செல்லுங்கள். தாழ்ந்த பகுதி அதிகமாக இருந்தால், எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் வேக்குவம் பெட்ரோல் பம்ப் ஒன்று தேவைப்படும்; மின்சாரம் வேண்டாத எளிய பொருள் அது.

வண்டியை நேராக நிறுத்தி, ஹோஸை கார்புரேட்டர் வாயின் உயரத்தில் பிடித்து, டேங்கில் அளந்து ஊற்றிய பெட்ரோல் எவ்வளவு வெளிவருகிறது என்று திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய நிலையில் அளந்து விடுங்கள். அந்த எண்தான் உங்கள் டேங்கின் உண்மையான கொள்ளளவு. லே பயணத்தின் கணக்கை அதை வைத்தே போடுங்கள். கூடவே பெட்ரோல் இறங்கும் வேகத்தையும் அளவிடுங்கள். 13 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 70 மில்லி அளவுக்குக் குடிக்கும். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போதும், மூடி பூட்டிய நிலையிலும், நிமிடத்துக்கு 200 மில்லி இறங்கினால் கவலையில்லை. மூடியைத் திறந்தால் வேகமாகவும் பூட்டினால் மெதுவாகவும் இறங்கினால் மூடியின் காற்றுக்குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அக்குழாயில் ஒருவழி வால்வு வைத்து, அதன் முனையை ஹேண்டில் தண்டின் துளைக்குள் விடுவது டர்ட் பைக் ஓட்டுநர்களின் வழக்கம். வண்டி விழுந்தாலும் பெட்ரோல் சூடான சைலன்சரில் கொட்டாது. கழுத்து வரை நிரப்பவும் வேண்டாம்: 20 பாகை சூடேறினால் 17 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 300 மில்லி விரிவடையும்.

பொருத்தி முடித்ததும் நேரே லடாக்குக்குக் கிளம்பிவிடாமல், டேங்கை நிரப்பி உங்கள் ஊரிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் வரை தார்ச்சாலையிலேயே சென்று திரும்புங்கள். அந்த வளைவுகளும் மேடு பள்ளங்களும் தக்க சோதனை. சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அப்பகுதியின் பெரும்பகுதி 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். 2022-இல் காவேரி தெற்குச் சரணாலயமும் சேர்ந்துகொண்டது. யானைகளின் வழித்தடத்தில் அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம் மட்டுமல்ல, அந்த உயிர்களுக்குச் செய்யும் தீங்கும் ஆகும். திரும்பி வந்தபின் டேங்கைக் கழற்றி அடிப்பள்ளத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் பளபளவெனத் தேய்ந்திருந்தால் அங்கே ரப்பர் போதவில்லை.

கேள்வி (பென்னாகரம் வாசகி ஒருவர்): நானும் என் தம்பியும் 2021-ஆம் ஆண்டின் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 ஓட்டுகிறோம். இதிலும் இவ்வாறு பிளாஸ்டிக் டேங்க் வைக்க முடியுமா?

பதில்: வேறொரு வண்டியின் டேங்கைக் கொண்டு வந்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் வண்டி ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகை. பெட்ரோல் பம்ப் டேங்கின் உள்ளேயே அமர்ந்து சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்தப் பம்பைப் பூட்டுவதற்கென்று வார்க்கும்போதே அமைக்கப்பட்ட, தட்டையான, தடித்த முகம் டேங்கில் இருக்க வேண்டும். சாதாரணப் பிளாஸ்டிக் டேங்கில் வட்டமாக அறுத்துப் பம்பைப் பூட்டினால், இறுக்கிய போல்ட்டுகளின் அடியில் பாலிஎத்திலீன் மெல்ல மெல்ல ஒதுங்கிக் கொடுத்துவிடும். இன்று கசியாத இணைப்பு சில மாதங்களில் கசியும். மேலும் இந்த வண்டிகளில் டேங்கின் ஆவி வெளியே போகாமல், அதை உறிஞ்சிக்கொள்ளும் கரிக் குப்பிக்குச் செல்லும் குழாயும் உண்டு. அதையும் துண்டிக்கக் கூடாது. உங்கள் டேங்கே 13 லிட்டர் கொள்ளும். பென்னாகரத்தைச் சுற்றி ஓட்டுவதற்கு அது தாராளம்.

கேள்வி (அரூர் வாசகர்): பழைய பிளாஸ்டிக் டேங்கில் பெட்ரோல் காக் பூட்டும் இடத்தில் கசிவு உள்ளது. எபாக்ஸி பசை, எம்-சீல் என்று எதைப் பூசினாலும் இரண்டே நாளில் உரிந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பூசுவதை நிறுத்திவிடுங்கள். பாலிஎத்திலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசைகள் பற்றுவதில்லை; பெட்ரோலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறியுங்கள். காக்கின் முகத்துக்கும் டேங்குக்கும் நடுவில் என்றால், ஓ-ரிங்கை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சிலிக்கான் ஓ-ரிங் பெட்ரோலுக்கு ஆகாது, ஊதிவிடும். நைட்ரைல் போதும், இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் விட்டான் என்னும் ரப்பர் வகை கிடைத்தால் மேலும் நல்லது. டேங்கின் முகத்தை, கண்ணாடித் தட்டின் மேல் நுண்ணிய எமரித்தாளை விரித்துக் கையால் மட்டும் தேய்த்துச் சமமாக்கலாம். இரு போல்ட் துளைகளின் நடுத்தூரம் காக்கோடு சரியாக ஒத்துப்போகிறதா என்றும் அளந்து பாருங்கள், 34 மி.மீ., 44 மி.மீ. என்று இருவகைகள் புழக்கத்தில் உள்ளன, ஒத்துவராததை இழுத்துப் பூட்டினால் ஓ-ரிங் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் தளர்ந்துவிடும். கசிவு பித்தளைக் குமிழைச் சுற்றியே வருகிறது, குமிழும் போல்ட்டோடு சேர்ந்து சுழல்கிறது என்றால், அந்த டேங்கைப் பெட்ரோலுக்குப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள் என்பதைத் தவிர வேறு நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

கேள்வி (கிருஷ்ணகிரி வாசகர்): டேங்கை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வருமா?

பதில்: 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே சாலையில் ஓட்டும் வண்டி என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். தீ விபத்து நேர்ந்தால் அவர்கள் முதலில் பார்ப்பது டேங்கைத்தான். கழற்றிய பழைய டேங்கை விற்றுவிடாமல் துருப்பிடிக்காதபடி உள்ளே எண்ணெய் தடவி வைத்திருங்கள். கிளாம்ப் முறையில் செய்த மாற்றம் என்றால் அரை மணி நேரத்தில் அதை மறுபடி ஏற்றிவிடலாம்.

கேள்வி (ஓசூர் வாசகர்): பிளாஸ்டிக் டேங்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. கசிவு எதுவும் இல்லை. ஆனாலும் வண்டி நிற்கும் அறையில் பெட்ரோல் வாசனை வீசுகிறது. டேங்க் பழுதா?

பதில்: பழுதில்லை. பெட்ரோல் ஆவி பாலிஎத்திலீன் சுவரின் ஊடாகவே சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் அதைத் தடுப்பதால் கொப்புளமாகத் திரள்கிறது. பெயிண்ட் அடித்தாலும் இதே காரணத்தால் உரிந்துவிடும். ஊசித் துளைகள் நிறைந்த ஸ்டிக்கர்களே இத்தகைய டேங்குகளுக்கு ஏற்றவை. வாசனையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தரையாகப் படர்ந்து தேங்கும். அந்த அறையில் பூஜை விளக்கோ, எரிவாயு அடுப்போ, இன்வெர்ட்டரோ இருந்தால் வண்டியை இன்றே வெளியே நிறுத்துங்கள். பல நாட்கள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மூடியைத் திறந்து, வெளியில் காய வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீராகப் பிரிவதும் அதனால் தவிர்க்கப்படும். மீண்டும் பொருத்தும்போது டேங்க் சுருங்கியிருக்கும். பெட்ரோல் ஊற்றி ஒரு நாள் கழித்துப் போல்ட்டை இறுக்குங்கள்.